வேலிக்கு வைத்த சூனியம்

நான் ஒரு காணிக்குச் சூனியம் வைத்தவன். இதை இவ்வளவு காலமும் வெளியில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான். அப்போது நான் கண்டியில் ஒரு பாடசாலையில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில், "ஆதாரம் இல்லாத எதையும் நம்பக்கூடாது பிள்ளைகள்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை பஸ் ஏறிப் போய்ச் சூனியம் வைத்தேன். அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. வைத்த பிறகு அந்தக் காணிக்குள் தனியே கால்வைக்க எனக்கே பயமாக இருந்தது.

சூனியத்துக்கு ஒரு மூலநூல் இருந்தது. அதுவும் நான் எழுதியதுதான். அந்த நாட்களில் கண்டியில் இருந்த ஆங்கில நூலகம் ஒன்றில், கறுத்த கோட்டைகளும் சபிக்கப்பட்ட சதுப்பு நிலங்களும் வருகிற தடித்த நாவல்களை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தேன். தமிழில் இப்படி ஒன்று இல்லையே என்ற குறை என்னைத் தூங்கவிடவில்லை. குறையைத் தீர்க்க நானே புறப்பட்டேன். நாட்டின் பெயர் இருள்நாடு. அங்கே ஆறு மலைக்கு ஏறும். காகங்கள் செய்யுளில் பேசும். அரசனுக்கு நிழல் கிடையாது. அந்த நாட்டுக்கென்று முப்பத்தொரு எழுத்துகள் கொண்ட ஒரு நெடுங்கணக்கையும் உண்டாக்கினேன். தடித்த மட்டை போட்ட ஏழு சீ.ஆர். கொப்பிகள் நிறைந்தன. கதாநாயகன் நான்காவது கொப்பியில்தான் பிறந்தான்.

இருள்நாட்டுக்கு ஒரே ஒரு வாசகர் இருந்தார். நான் குடியிருந்த மாடி அறைக்குச் சொந்தக்காரர், கீழே புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி. ஊரே அவரை நானா என்று கூப்பிட்டது, நானும் அப்படித்தான். வாசகர் என்றால் வாசிக்கமாட்டார். கடை பூட்டியபின் நான் வாசிக்க, அவர் சுருட்டுடன் கேட்டுக்கொண்டிருப்பார்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கட்டா?" என்றார் ஒருநாள். "இந்த நாட்டுல மழையும் இல்ல, வயலும் இல்ல. ஆக்கள் என்னத்தத் திண்டு உசிரோட ஈக்கிறாங்க?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. இன்றுவரை அந்த நாவலைப் பற்றி வந்த விமர்சனங்களில் அதுவே சிறந்தது. வேறு வரவும் இல்லை.

எண்பத்து மூன்று ஆடியில் கலவரம் வந்தபோது, நிழலில்லாத அரசனைப் படைத்த நான் நானாவின் கடைக்குள் மூன்று நாள் வொயில் சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தேன். தும்மல் வந்தால் அடக்கவேண்டும். புடவைத் தூசுக்குத் தும்மாமல் இருப்பது எவ்வளவு பெரிய வீரம் என்பது புடவைக்கடைக்குள் ஒளித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் அக்காவின் வீடு கம்பளைக்குப் போகும் வழியில், மகாவலிக்குக் கிட்ட ஒரு சிங்களக் கிராமத்தில் இருந்தது. அத்தான் அந்தப் பகுதியில் தபால் அதிபராக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, அந்தக் குளிர் மனதுக்குப் பிடித்துப்போய், அங்கேயே இருபது பேர்ச்சஸ் காணி வாங்கி வீடு கட்டியவர். அந்த வீட்டை எரித்தார்கள். எரிக்க முன்னம் அதிலிருந்தவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். அக்காவும் அத்தானும் தப்பியது பக்கத்துக் காணிக்காரரால். சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அந்த மனிதரை எல்லாரும் முதலாளி என்பார்கள். அவர் இரண்டு பேரையும் தன் வீட்டுப் பின்னறையில் வைத்துப் பூட்டி, திறப்பை மடியில் கட்டிக்கொண்டு, கும்பலோடு கும்பலாக வீதியில் நின்று கத்தினாராம். விடிந்ததும் ஒரு லொறியில் ஏற்றி அகதி முகாமில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து அவர்கள் யாழ்ப்பாணம் போனார்கள்.

போகும்போது அக்கா எனக்குச் சொன்னது ஒரு வசனம்தான். "தம்பி, காணியைப் பார்த்துக்கொள். நான் திரும்பி வருவன்."

யாழ்ப்பாணத்தவர்களுக்கும் வேலிக்கும் உள்ள உறவைத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே கலியாணம் பேசும்போது சாதகம் பொருந்துதோ என்று பார்ப்பதுபோல, அயலவன் வேலி அடைக்கும்போது நூல் நேராக இருக்குதோ என்று குடும்பமே போய் நிற்கும். வேலிக்கு நடுகிற ஒரு பூவரசங் கதியால் நாலு விரல் தள்ளி நடப்பட்டதற்கு மூன்று தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த மண்ணில் பிறந்த அக்கா எனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் நலம் விசாரித்த கையோடு அடுத்த வரி, "வேலி எப்படி இருக்கிறது?"

வேலி நடந்துகொண்டிருந்தது.

முதல் தடவை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை சந்தேகப்பட்டேன். எல்லைக்கு நட்ட தடிகள் முளைத்துத் தழைக்கிற சாதி, பிடுங்கி நட்டாலும் இரண்டு மழையில் நூறு வருடம் நின்றதுபோல நிற்கும். காணிக்குள்ளே ஒரு பலாமரம். வேலியிலிருந்து அதற்குக் காலால் எட்டி நடந்தால் ஆறு எட்டு என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அக்கா சொல்லித்தான் அளந்து வைத்திருந்தேன். அது ஐந்தாகி, மூன்றாகி, ஒன்றரையானது. இன்னும் ஒரு பெருமழை பெய்தால் பலாமரம் குடியுரிமை மாறிவிடும்.

நானாவிடம் சொன்னேன்.

"பொலிசுக்குப் போங்களே மாஸ்டர்."

"கலவரம் முடிஞ்சு ஒரு வருசம் ஆகேல்லை. தமிழன் ஒருத்தன் சிங்களவர் மேலை வேலி வழக்குப் போட்டால் நல்லா இருக்குமோ நானா?"

"அப்ப முதலாளிட்டப் போய்ப் பேசுங்க."

அங்கேதான் சிக்கல். என் அக்காவின் உயிரைக் காப்பாற்றிய மனிதரிடம் போய், "நீங்கள் நாலரை எட்டு உள்ளுக்கு வந்துவிட்டீர்கள்" என்று எந்த வாயால் சொல்வது? ஒரு உயிருக்கு எத்தனை எட்டுக் காணி சமம் என்று எந்தக் கந்தோரில் கேட்பது? அவரும் கெட்டவரில்லை. கைவிட்ட காணி பற்றை பிடித்துக் கிடக்கிறதே என்ற விவசாயி மனம் மட்டும்தான். நான் எப்போது போனாலும் தேத்தண்ணி தருவார், காசு வாங்கமாட்டார், அக்காவைச் சுகம் கேட்பார், கண்கலங்குவார். அதுக்குப் பிறகு வேலி இன்னும் அரை எட்டு நகரும்.

பேசவும் முடியாது, வழக்காடவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது என்ற நிலையில்தான் என் மூளை இருள்நாட்டை நாடியது. ஐந்தாம் கொப்பியில் ஒரு சபிக்கப்பட்ட நிலம் வருகிறது. அதிலிருந்து ஒரு பிடி மண்ணையோ ஒரு தடியையோ எடுத்துப்போகிறவனின் பின்னால் அந்த நிலம் நடந்து போகும். முதல் நாள் அவன் முற்றம் வரை. அடுத்த நாள் வாசல்படி. பிறகு பாயின் கீழே. எழுதிய இரவு நானே பாயை உதறிவிட்டுத்தான் படுத்தேன்.

ஒரு மண்பானை வாங்கிச் சுண்ணாம்பு அடித்தேன். புது வீடுகளுக்குக் கண்ணூறு கழிக்கக் கட்டுகிற பானை மாதிரித்தான், ஆனால் முகம் வரையவில்லை. அதற்குப் பதிலாக ஐந்தாம் கொப்பிச் சாபத்தை இருள்நாட்டு எழுத்தில் கரியால் சுற்றிவர எழுதினேன். வாசிக்க முடிகிற சாபத்துக்கு ஆட்கள் மறுமொழி சொல்வார்கள். குட்ஸ்செட் பஸ் நிலையத்தில் பானையை மடியில் வைத்துக்கொண்டு கம்பளை பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் இருந்த மனுசி, "தயிரா?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

நடுப்பகலில் போய்ச் சேர்ந்தேன். பேய்க்கு உகந்த நேரம் உச்சிப்பொழுது என்பதில் எங்கள் ஆட்களுக்கும் சிங்கள ஆட்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாட்டில் அப்படி இருந்த ஒரே விடயம் அதுவாகவும் இருக்கலாம். எரிந்த வீட்டின் வாசல் நிலையில் பானையைக் கட்டி, சிவப்புத் துணி சுற்றி, தேசிக்காய் நாலை வெட்டி மூலைகளில் வைத்தேன். பிறகு முதலாளியின் கடைக்குப் போனேன். அவர் கம்பளைச் சந்தைக்குப் போயிருந்தார், மனைவி மட்டும் இருந்தா. நாங்கள் பேசியது சிங்களத்தில். இங்கே தமிழில் போடுகிறேன்.

"ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்" என்று ஆரம்பித்தேன். ஊர் முழுக்கப் போய்ச் சேரவேண்டிய விசயத்தை வேறெப்படி ஆரம்பிப்பது?

காணியில் ஒரு வேலை செய்யப்பட்டிருக்கிறது என்றேன். யார் செய்தது என்பதைச் சொல்லவில்லை. எடுத்தவன் பின்னால் காணி நடக்கும் என்றேன். முற்றம், வாசல்படி, பாய் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவ அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டா.

"எடுத்ததைத் திருப்பிக் கொண்டுபோய் வைச்சால்?"

ஐந்தாம் கொப்பியில் அதற்கு ஏற்பாடு இல்லை. "வைச்சால் நின்றுவிடும்" என்றேன் அந்த இடத்திலேயே. ஏழு கொப்பிகளில் எழுதியதைவிட நல்ல வரி அதுதான் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த மாதம் போனபோது வேலி பழைய இடத்துக்குப் போயிருந்தது. சரியாகச் சொன்னால் பழைய இடத்தையும் தாண்டி ஓரடி முதலாளியின் பக்கம் போயிருந்தது. பயந்தவன் நூல் பிடித்து அளப்பதில்லை. இன்னும் ஒன்று நடந்திருந்தது. பானைக்குக் கீழே வாசலில் ஒரு கதிரை இருந்தது. ஒரு கால் இல்லை. அக்கா வீட்டுக் கதிரை.

அதற்கடுத்த மாதம் ஒரு அம்மிக்குழவி. பிறகு ஒரு யன்னல் கதவு. அலுமாரியின் கண்ணாடி போட்ட கதவு ஒன்று, கண்ணாடி உடையாமல். படம் இல்லாத படச்சட்டம். தையல் மெசினின் தலை. பால் பொங்கல் பானை ஒன்றுக்குள் அத்தானின் மூக்குக்கண்ணாடி. யாரும் கொண்டுவந்து வைப்பதை நான் கண்டதில்லை. கூரை மிஞ்சியிருந்த ஒரே இடம் அக்கா சமைத்த குசினி, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கினேன். அடுக்கும்போது முதுகுப்பக்கம் குளிரும். எந்தப் பேய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் வெளியே வரும்போது நான் மெதுவாக நடக்கவில்லை என்பது உண்மை.

நானா கேட்டுவிட்டுச் சிரித்தார். "மாஸ்டர், உங்கட கதையில இந்த ஒரு இடம்தான் நல்லா ஈக்கி. இத மட்டும் வெச்சுக்கோங்க."

அக்காவுக்கு எழுதினேன்: வேலி சரி, கதைத்துப் பேசித் தீர்த்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் தெற்கில் இன்னொரு பயங்கரம் வந்தது. இம்முறை சிங்களக் கிராமங்களுக்கு. ஒரு பக்கத்தில் அரசை எதிர்த்துக் கிளம்பிய சிங்கள இளைஞர்கள் துண்டு எழுதி ஒட்டிக் கடையைப் பூட்டச் சொன்னார்கள். மற்றப் பக்கத்தில் அரசின் ஆட்கள் இலக்கத்தகடு இல்லாத வாகனத்தில் வந்து பூட்டின கடைக்காரனைத் தேடினார்கள். காலையில் வீதியோரம் எரிந்து முடிந்த டயர் கிடந்தால் அதற்குள் என்ன என்று பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் தெரியும். பேராதனைப் பாலத்தில் பஸ் போகும்போது உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் காலடியைப் பார்ப்பார்கள். யாரும் ஆற்றைப் பார்க்கமாட்டார்கள். நான் எழுதுவதை நிறுத்தியது அப்போதுதான். இருள்நாட்டில் ஒரு பிசாசு வருவதென்றால் மூன்று பக்கத்துக்கு முன்பே காகங்கள் செய்யுளில் எச்சரிக்கும். இங்கே அப்படி ஒரு மரியாதையும் இருக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் காணிக்குப் போனேன். முதலாளி ஒரு தட்டத்துடன் வேலியைக் கடந்து வந்துகொண்டிருந்தார். தட்டத்தில் சோறு, மூன்று கறி, வாழைப்பழம், பூ, ஊதுபத்தி. என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். பிறகு ஊதுபத்தியைப் பானைக்குக் கீழே குத்தி, கும்பிட்டு, தட்டத்துடன் குசினிப் பக்கம் போனார். இவ்வளவு பக்தியா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று கறியோடு படையல் பெறுகிற பாத்திரத்தைப் படைத்த எழுத்தாளன் ஈழத்தில் வேறு யார்?

அப்போது குசினிக்குள் பேய் இருமியது.

மார்ச்சளி கட்டின இருமல். முதலாளி திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"மாத்தயா, என்ர மருமகன்" என்றார்.

கூட்டுறவுக் கடையில் இலிகிதராக இருந்த பிள்ளை. ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தான். அதுதான் அவன் செய்தது. இரண்டு பக்கமும் அவனைத் தேடியது. முதலாளி இப்போது ஊரெல்லாம் போய், அந்தக் காணியில் பேய் முற்றிவிட்டது, நாளுக்கு ஒருமுறை படைக்காவிட்டால் வீதிக்கு வரும் என்று சொல்லிவைத்திருந்தார். தேடி வந்த இளைஞர்களும் தடிவேலியில் நின்று பானையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்களாம்.

"துவக்கு வைத்திருப்பவர்களும் பயந்தார்களா?"

"அவங்களையும் ஒரு தாய்தானே மாத்தயா சோறூட்டி வளர்த்தது. பேய்க்கதை சொல்லாமலா ஊட்டியிருப்பா?" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பேயை இப்ப எடுத்துப்போட வேண்டாம். கொஞ்ச நாளைக்கு."

நான் எடுக்கவில்லை. என்னால் முடிந்ததையும் செய்தேன். கம்பளை பஸ்ஸில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் அந்தக் காணியைப் பற்றிச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு நூலுக்கு நான் விளம்பரம் செய்ததில்லை. பையன் பிழைத்தான். ஒரு மழைக்கால விடியலில் பதுளைப் பக்கம் இருந்த ஒரு உறவினர் வீட்டுக்குப் போய், காலம் ஆறியபின் திரும்பி வந்தான். பேய் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. யாரும் அதைப் போகச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அக்கா வந்தா. அத்தான் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னிக்குள் அலைந்து, வவுனியாவில் ஒரு முகாமில் அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா வவுனியாவைத் தாண்ட அனுமதிக்கும் ஒரு பாஸ் கடதாசியும் ஒரு பையுமாகக் கண்டியில் என் வீட்டுக்கு வந்து இறங்கினா. அப்போது எனக்குக் கலியாணமாகி, வாடகை வீடொன்றில் இருந்தேன். முதல் வாரமே வீட்டுக்காரர் வந்தார்.

"வடக்கு ஆள் தங்கினா பொலிசில பதியவேணும் மாஸ்டர். பதிஞ்சா அவங்க வந்து வந்து பார்ப்பாங்க. ஒரு மாசம், அதுக்கு மேல வேண்டாம்."

அக்காவுக்கு வேறு வீடு தேடினோம். முற்பணம் வரைக்கும் சிரித்துப் பேசுவார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் வீடு வேறு யாருக்கோ கொடுபட்டுவிடும். பத்துப் பன்னிரண்டு வீடு இப்படிக் கொடுபட்டது. கண்டியில் அவ்வளவு வேகமாக வீடு வாடகைக்குப் போன காலம் வேறில்லை.

மூன்றாம் வாரம் அக்கா பையைக் கட்டினா. "எனக்குக் காணி இருக்கடா. என்ர வேலி நேராத்தானே இருக்கு எண்டு எழுதினனீ? அங்கை இரண்டு அறை கட்டித் தா. நான் ஏன் மற்றவன்ரை வாசலிலை நிக்கவேணும்?"

கம்பளைக்குப் போய், வீடு கட்டுகிற ஒரு மேசன் பாஸைப் பிடித்தேன். தோட்டப் பக்கத்துத் தமிழர், கைராசிக்காரர் என்று பெயர். எந்தக் காணி என்று சொன்னதும் சாந்தகப்பையைக் கீழே வைத்தார்.

"மன்னிச்சிக்கங்க சார். வேற எங்க கூப்பிட்டாலும் வர்றோம். அங்க மட்டும் கேக்காதீங்க. மட்டக்களப்புல இருந்து பெரிய மந்திரவாதி ஒருத்தர் வந்து வச்சிட்டுப் போன வேலையாம்ல அது."

"அந்த மந்திரவாதி நான்தான்."

அவர் என் மூக்குக்கண்ணாடியையும் குடையையும் ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு மரியாதைக்காகச் சிரித்தார். வேறு நான்கு பேரையும் கேட்டேன். நான்கு பேரும் அதே மந்திரவாதியைப் பற்றிச் சொன்னார்கள். ஒருவர் அவருடைய தாடியை வர்ணித்தார்.

அக்காவிடம் சொல்லவேண்டியதாயிற்று. கொப்பி, பானை, எழுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் சொன்னா:

"மனிசர் எரிச்ச வீடடா அது. நீ அதைப் பேய் வீடாக்கி வைச்சிருக்கிறாய். எரிச்சவங்களுக்கு எவ்வளவு வசதி."



அடுத்த சனிக்கிழமை முதலாளியின் கடையில் வைத்து ஊரவர்களிடம் உண்மையைச் சொன்னேன். நான் வைத்தது, நான் எழுதியது, எல்லாம் கதை என்றேன். மூலையில் பாண் தின்றுகொண்டிருந்த ஒருவர் மற்றவருக்குச் சொன்னார்: "கட்டினவன் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவான். சாபம் தன்மேல் திரும்பக்கூடாதே." கடை முழுவதும் தலையாட்டியது. ஆக, நம்பாதவன் வைத்த சூனியத்தை நம்பாதவனே முறைப்படி எடுத்தால்தான் உண்டு என்று முடிவாயிற்று. மேசன் பாஸ் தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். வீதியில் நின்றுதான்.

நாள் குறித்தோம். உச்சிப்பொழுது. ஊர் வேலியோரம் நின்றது. நான் வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, கையில் ஐந்தாம் கொப்பியோடு போனேன். கொப்பியைத் திறந்தால் எழுத்துகளைப் பட்டியல் போட்டிருந்த பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. முப்பத்தொரு எழுத்தில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பானையை அண்ணாந்து பார்த்தேன். கரி எழுத்துகள் சுற்றிவர இருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, கனத்த குரலில் வாசித்தேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. என்ன இருந்தாலும் என் எழுத்தல்லவா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பானையை அவிழ்த்துக் கல்லில் போட்டு உடைத்தேன்.

ஒருவரும் அசையவில்லை. மேசன் பாஸ் வீதியிலேயே நின்றார். ஒரு கிழவர், "போனமாதிரித் தெரியவில்லை" என்றார், மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனா. குசினிக்குள் நான் அடுக்கிவைத்த சாமான்களுக்கு நடுவே ஒரு நிமிடம் நின்றா. படச்சட்டத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தா. மூன்று கால் கதிரைக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து இருந்தா. பையிலிருந்து கேத்தலை எடுத்து, மூன்று கல்லில் நெருப்பு மூட்டினா. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க அவ தேத்தண்ணி கொதிக்கும்வரை காத்திருந்தா. இருந்தும் ஒருவரும் வேலியைக் கடக்கவில்லை. அக்கா எரிகிற நெருப்புக்கு இன்னும் ஒரு சுள்ளி வைத்தா. இங்கேயும் முடியாவிட்டால் அவ போக வேறு இடம் இல்லை.

அப்போதுதான் முதலாளியின் மருமகன் வேலியைக் கடந்தான். முன்மண்டை வழுக்கை விழுந்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தா. அவன் நிற்கவில்லை. குசினி வாசலில் நின்று ஊரைப் பார்த்துச் சொன்னான்:

"இந்தப் பேய் நான்தான். அந்த வருசம் இதுக்குள்ள முப்பத்தெட்டு நாள் இருந்தேன். மாமா கொண்டுவந்த படையலைத் தின்றது நான். இருமினது நான்."

வேலியோரம் ஒரு சத்தமும் இல்லை. அந்த நாட்களில் அவனைத் தேடியவர்களுக்கு வழி சொன்ன ஆள் யாராவது அன்று அங்கே நின்றிருந்தால், அவரும் சத்தமில்லாமல்தான் நின்றார். அவன் உள்ளே போய், கூரை வளையின் இடுக்கில் கையைவிட்டு ஒரு எனாமல் கோப்பையை எடுத்தான். அந்த நாட்களில் தண்ணீர் குடித்தது.

"அது என்ர கோப்பை" என்றா அக்கா தமிழில்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கோப்பையை நீட்டினான். அக்கா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, தேத்தண்ணி ஊற்றி, அவனிடமே திருப்பிக் கொடுத்தா. அவன் நிலத்தில் இருந்து குடித்தான்.

மேசன் பாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். "சரிங்கம்மா. எந்த மூலையில இருந்து நூல் போடணும்?"

முதலாளி எல்லையைக் காட்டினார். அவருடைய பக்கத்துக்கு ஓரடி போயிருந்த அந்தப் பயந்த வேலியை. அக்கா பலாமரத்திலிருந்து ஆறு எட்டு வைத்து நடந்து போய் நின்று, வேலியைப் பார்த்து, "இஞ்சை ஓரடி உங்கட" என்றா. நான் மொழிபெயர்த்தேன். முதலாளி வேண்டாம் என்றார். அக்கா கேட்கவில்லை. அன்றே தடிகள் நகர்ந்தன. பேயைக் கண்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தவள் ஒருத்தி ஓரடி காணியைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்ததை நேரில் கண்டவன் நான் ஒருவன்தான்.

மூன்று மாதத்தில் இரண்டு அறையும் எழும்பின. அக்கா குடிபுகுந்து பால் காய்ச்சிய அன்று நானாவும் வந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாருக்கும் முன்னால், என் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். ஒரு நாவல் வேலியைத் திருப்பிவைத்தது, கதிரையைக் கொண்டுவந்தது, ஒரு உயிரைக் காத்தது, இலக்கியத்தால் ஒன்றும் ஆகாது என்கிறவர்கள் வந்து பார்க்கட்டும் என்ற தோரணையில்.

முதலாளியின் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தா.

"உங்கட பானையை முதல் கிழமையே குரங்கு தள்ளி உடைச்சுப்போட்டுது மாத்தயா. நீங்கள் உடைச்சது எங்கட வீட்டுப் பழைய சோத்துப்பானை. சுண்ணாம்பு பூசி, கரியால் நான்தான் கிறுக்கிக் கட்டினேன்" என்றா. பிறகு, உண்மையிலேயே அறிய விரும்பியவ போல நிமிர்ந்து பார்த்தா. "அண்டைக்கு அதைப் பார்த்து அவ்வளவு நேரம் வாசிச்சீங்களே, என்னத்தை வாசிச்சீங்க?"